கற்பகம் குடித்த தண்ணீர்

வண்டி மாலூரைத் தாண்டியிருந்தது. பெட்டியில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் சாயங்காலக் குழம்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் குமரேசனின் பெயர் வந்தது. கற்பகத்தின் கணவர். காலையில் அவர் என்னை அழைக்கிற வழக்கமில்லை. எடுத்துக் காதில் வைத்தேன். "சாந்திம்மா, கற்பகம் பூட்டா," என்றார்.

எதிர் இருக்கையில் இருந்த விமலாக்கா என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பீன்ஸை அப்படியே டப்பாவில் போட்டு மூடினாள். கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தாள். வொயிட்ஃபீல்டில் நாங்கள் இருவரும் இறங்கினோம். திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குப் பின்னால் பெட்டியிலிருந்து இன்னும் பல பெண்கள் இறங்கி நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. படியேறி எதிர் நடைமேடைக்குப் போய், பங்காருப்பேட்டைக்குத் திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தோம்.

அந்தப் பெண்களுக்காகவும், கற்பகத்தை அறிந்த மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கற்பகத்தின் வீடு கோலார் தங்கச் சுரங்கங்களை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அவள் அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு அந்த லைனில் பாதி ஜனம் தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வருகிற ஜனமாகிவிட்டது. அவளும் அப்படித்தான். வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. நான் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வருபவள், கன்டோன்மென்ட் அருகே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இருவருக்கும் ஒரே வயது. விடிவதற்கு முன்னால் கிளம்பும் அந்த வண்டியின் லேடீஸ் பெட்டியில்தான் பழக்கம்.

பழக்கம் என்றால், முதல் நாளே அவள் என் மடியில் ஒரு குவியல் அவரைக்கொட்டையைக் கொட்டினாள். கோலார் பக்கத்தில் மார்கழி வந்தால் அவரைக்காய்தான். ஊறவைத்த கொட்டையைத் தோல் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்போம். ஒருத்தி தனியாகப் பிதுக்கினால் விடிந்துவிடும். "சும்மாதானே குந்திகினு கீற, கொஞ்சம் பிதுக்கு," என்றாள். பெயர்கூடக் கேட்கவில்லை. பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டியே பிதுக்கிக்கொண்டிருந்தது. தெலுங்கு பேசுகிறவளிடம் தெலுங்கில், கன்னடத்துக்காரியிடம் கன்னடத்தில் வேலை ஏவினாள். நான் பெயரைச் சொன்னபோது, "சாந்தியா? மூஞ்சியப் பாத்தா அப்பிடித் தெரியலியே," என்று சிரித்தாள்.

அவள் எதையும் தணிந்த குரலில் சொல்லிப் பழகாதவள். மாமியார் பற்றியும் அப்படித்தான், சூப்பர்வைசர் பற்றியும் அப்படித்தான். அது எவ்வளவு பெரிய குணம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பல வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலக் காலையில் ஒரு விபத்து நடந்தது. தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்ததால் எங்கள் வண்டி அன்று கிடையாது என்பது, ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் தெரிந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து பங்காருப்பேட்டைக்குப் போனால் அங்கே வேறு வண்டி கிடைக்கும். நான் அவளுக்குப் போன் செய்து சீக்கிரம் வரச் சொன்னேன். அவர்கள் லைனில் வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. லைன் முடிவில் பொதுக் கக்கூஸ், காலையில் அங்கே வரிசை. வரிசையில் நின்றிருந்தவள் போன் வந்ததும் விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆட்டோவில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், "ஒண்ணுக்கு ரயில்ல போய்க்கலாம்," என்றாள்.

ரயில் வரைக்கும் நாங்கள் போய்ச் சேரவில்லை. வழியில், குறுக்குச் சாலையிலிருந்து வந்த ஒரு லாரி மழையில் பிரேக் பிடிக்காமல் எங்கள் ஆட்டோவின் பக்கவாட்டில் மோதியது. ஆட்டோ கவிழ்ந்தது. எனக்குக் கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு, அவ்வளவுதான். கற்பகத்தின் இடுப்பின் மேல் ஆட்டோவின் கம்பி அழுந்திக் கிடந்தது. ஆட்கள் வந்து தூக்கி நிமிர்த்தினார்கள். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ரத்தம் அதிகம் இல்லை. அதனால் பெரிய அடி இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

"சாந்தி, எனக்கு ஒண்ணுக்கு வருது," என்றாள்.

"பரவால்லடி, இங்கயே போ. யாரும் பாக்க மாட்டாங்க," என்று என் துப்பட்டாவை அவள் மேல் போட்டேன்.

"வருது. ஆனா போக முடியல. இன்னா இது, போகவே முடியல," என்றாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த பெண் டாக்டர், குமரேசனையும் என்னையும் ஓர் ஓரமாக அழைத்துப் போய்ப் பொறுமையாக விளக்கினார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. மூத்திரப்பை கிழிந்திருந்தது. பை காலியாக இருக்கும்போது இடுப்பெலும்புக்குள் அடங்கிக் கிடக்கும், அவ்வளவு சுலபத்தில் அடிபடாது, நிறைந்து மேலே எழும்பியிருக்கும்போதுதான் இப்படி வெடித்துக் கிழியும் என்றார். அதோடு, உடைந்த எலும்பின் முனை கீழே பிறப்புறுப்புப் பாதையையும் கிழித்திருந்தது. இரண்டையும் தைத்திருப்பதாகச் சொன்னார்.

குமரேசன் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். அதிகம் பேசாத மனிதர். டாக்டர் போன பிறகு, "நம்ம லைன்ல கக்கூஸ் கட்டித் தரோம்னு எத்தினி வாட்டி சொன்னாங்க," என்று மட்டும் சொன்னார்.

வயிற்றில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய் என்று வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். இடுப்பெலும்பு மெல்லக் கூடியது. குழாய்களை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்கக் கம்பு வைத்துக்கொண்டாள். கெட்டது முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். வீட்டுக்கு வந்த சில நாளில், பாயில் படுத்திருந்தவள் எழுந்தபோது புடவையும் பாயும் நனைந்திருந்தன. தூக்கத்தில் போய்விட்டதாக நினைத்து மாற்றிக்கொண்டாள். மாற்றிய புடவையும் நனைந்தது. நின்றாலும், உட்கார்ந்தாலும், இருமினாலும், சும்மா இருந்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. தைத்த இடம் ஆறாமல், மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புப் பாதைக்கும் நடுவே ஒரு துளை விழுந்துவிட்டது. அவளால் அடக்கவும் முடியாது, வருவது தெரியவும் தெரியாது.

நான் பார்க்கப் போனபோது பிளாஸ்டிக் விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. "ஓட்ட தண்டா மாதிரி ஆயிட்டேன் சாந்தி," என்றாள். எங்கள் ஊரில் சொம்பு, குடத்தையெல்லாம் தண்டா என்பார்கள். சிரிக்க முயன்றாள். அன்றுதான் அவள் சிரிப்பு பாதியில் நின்றதை முதல்முதலாகப் பார்த்தேன்.

உடனே மறுபடி தைக்க முடியாது, காயம் ஆறி சதை மிருதுவாக மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதங்களில் வீட்டிலிருந்த கந்தலான புடவைகளெல்லாம் கிழிபட்டுத் துண்டுகளாயின. அவற்றைத் துவைத்தது குமரேசன். லைன் வீட்டில் எதையும் ஒளித்துச் செய்ய முடியாது. எல்லோரும் பார்க்கிற பொதுக்குழாயடியில், காலையில் பட்டறைக்குப் போகுமுன், ஒரு பக்கெட் துணியோடு உட்கார்ந்து அவர் அலசுவார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது குடத்தோடு வந்த ஒரு பெரியம்மா, "ஆம்பள போயி இத்தயெல்லாம் தொடலாமாப்பா? அவ அம்மாவ வரச்சொல்லு," என்றார்.

குமரேசன் தலை நிமிராமல், "எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அவ எடுக்காததா?" என்றார். பிறகு துணியை முறுக்கிப் பிழிந்து உதறினார். அந்த அம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர்களுடைய பெண் காவ்யா அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். பிறந்ததிலிருந்து அம்மாவின் வயிற்றில் கால் போட்டுத் தூங்கிய குழந்தை. கற்பகம் அவளைத் தனியாகப் படுக்க வைத்தாள். குழந்தை காரணம் கேட்டபோது, இடுப்பு வலி என்று சொன்னாளாம். எங்களிடம் எல்லாவற்றையும் உடைத்துப் பேசுகிறவள், அதை மட்டும் என்னிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் முறை துளையை அடைக்க அறுவை செய்தார்கள். பல நாள் கழித்துக் குழாயை எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மூத்திரப்பைக்குள் நீல மருந்து கலந்த தண்ணீரை ஏற்றுவார்கள். கீழே வைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் அடைத்தது பிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்று நான் விடுப்பு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவளைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். அவளாகவே, "நீலம்," என்றாள்.

இந்தக் காலத்தில்தான் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். குடித்தால் சொட்டும், குடிக்காவிட்டால் சொட்டுவது குறையும். வாயை நனைத்துத் துப்புவாள். உதடு வெடித்துக் கிடக்கும். டாக்டர் திட்டினார். தண்ணீர் குறைந்தால் கல் சேரும், கிருமி சேரும், கிட்னியைப் பாதிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்கும்போது தலையாட்டுவாள். வெளியே வந்து, "அவங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிடுவாங்க. நனையறது நானு," என்பாள்.

வேலைக்குத் திரும்புவது என்று ஒருநாள் முடிவெடுத்தாள். துணி, அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் துணி, பையில் இரண்டு மாற்றுப் புடவை. பெட்டியில் ஏறியதும் பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் நலம் விசாரித்தார்கள். இடுப்பு எலும்பு என்பது வரைக்கும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். தியாகல் ஸ்டேஷன் தாண்டியதும் விமலாக்கா மூக்கைச் சுளித்தாள். விமலாக்காவுக்கு ராபர்ட்சன்பேட்டை. வாய் கொஞ்சம் கடுசு. "யாரோ கொழந்தைய இட்டுகினு வந்து பொட்டியில வுட்டுட்டாங்களா? இன்னா இப்பிடி நாறுது," என்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஓரிருவர் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

நான் கற்பகத்தின் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாக அதை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழந்த இல்லக்கா. நான்தான்," என்றாள். "ஆக்சிடெண்ட்ல மூத்திரப்பை கிழிஞ்சிடுச்சி. தெச்சாங்க, நிக்கல. மூத்திரம் சொட்டிகினே இருக்கும். எனக்கே தெரியாது. இன்னொரு வாட்டி தெக்கப் போறாங்க. அது வரிக்கும் இப்பிடித்தான். நாத்தம் தாங்கலன்னா சொல்லுங்க, நான் கதவுகிட்ட நின்னுக்கறேன். ஆனா வேலைக்கு வராம இருக்க முடியாது."

எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள். பெட்டியின் அந்த முனை வரைக்கும் கேட்டது. ஒரு பெண் எழுந்து பெட்டியின் மறுமுனைக்குப் போய்விட்டாள், அவள் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. விமலாக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"இங்க வந்து குந்து. ஜன்னல்கிட்ட காத்து வரும்," என்றாள். கற்பகம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் விமலாக்கா, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தனக்கும் இருமினால் சொட்டுகிறது, புருஷனுக்குக்கூடத் தெரியாது என்றாள். அதற்கு அடுத்த சீட்டுக்காரி, கர்ப்பப்பை இறங்கி வருஷக்கணக்காகத் துணி வைத்துக் கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். வொயிட்ஃபீல்டு வருவதற்குள் அந்தப் பெட்டியில் எத்தனை பெண்கள் எதையெதை அடக்கிக்கொண்டு வருடக்கணக்காகப் பயணம் செய்திருக்கிறோம் என்று தெரிந்தது. தங்கள் உடம்பைக் காட்டச் சில பேர் ஆஸ்பத்திரிக்குப் போனது அதன் பிறகுதான்.

இரண்டாம் முறை வேறொரு டாக்டர் வயிற்றின் வழியே திறந்து, துளைக்கு நடுவில் வயிற்றுக் கொழுப்புச் சதையை இழுத்து வைத்துத் தைத்தார். மறுபடி குழாய், மறுபடி வாரங்கள். நீல மருந்துச் சோதனை அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அலுவலகத்தில் போனை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குமரேசன் அழைத்தார். பின்னாலிருந்து அவள் போனைப் பிடுங்குவது கேட்டது. "வெள்ளடி. பஞ்சு வெள்ளையா கீதுடி," என்றாள்.

அடுத்த சில வருடங்கள்தான் அவளுடைய நல்ல வருடங்கள். அவள் ரயிலுக்குத் திரும்பிய அன்று ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள். உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பெட்டியே பார்த்துக்கொண்டிருந்தது. முழுப் பாட்டிலையும் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. துடைத்துக்கொண்டு, "இப்ப நனஞ்சா இன்னா," என்றாள். விமலாக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வொயிட்ஃபீல்டு வருமுன் கற்பகம் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, "வந்துச்சி. நானா போனேன், நானா நிறுத்தினேன்," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது காவ்யா தானாக வந்து அவள் பாயில் படுத்து வயிற்றின் மேல் கால் போட்டுக்கொண்டாளாம். தையல் போட்ட இடம் வலித்தது. அவள் காலை எடுக்கச் சொல்லவில்லை. "கொழந்த பெருசாயிட்டா சாந்தி. காலு எவ்ளோ நீளம்," என்றாள் என்னிடம். இழந்த வருடங்களை அவள் வேறு எப்படியும் சொன்னதில்லை.

மறுபரிசோதனைக்குப் போகிற நாட்களில் அந்த வார்டில் வேறு பெண்களைப் பார்த்துவிட்டு வருவாள். முல்பாகல் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, டிராக்டரிலிருந்து விழுந்தவள், இதே காயம், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தாளாம். கற்பகம் அவள் படுக்கையில் போய் உட்கார்ந்தாள். நனைந்திருக்கிறது என்று அந்தப் பெண் தடுத்தாள். "தெரியும், நானும் இப்பிடித்தான் கெடந்தேன்," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கதை பேசிவிட்டு வந்தாள். அன்று கற்பகம் புடவை நனைந்துதான் வீடு திரும்பினாள். "அசிங்கம் நம்ம மேல இல்ல. அடிபட்ட எடத்துல அடிபட்டுச்சி. கையி ஒடஞ்சா வெக்கப்படறமா?" என்று எங்களிடம் கேட்பாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

சென்ற வருடம் அடிக்கடி காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கிப் போடும், மாத்திரையில் அடங்கும், மறுபடி வரும். முகம் ஊதிப்போனது. ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஒரு கிட்னி சுருங்கிப் போய் எப்போதோ வேலையை நிறுத்திவிட்டிருந்தது. கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வருகிற குழல், பழைய காயத்தின் தழும்பில் இறுகி அடைபட்டு, வலியே காட்டாமல் உள்ளுக்குள் கெடுத்திருக்கிறது. மற்றதில் கல்லும் கிருமியும். தண்ணீர் குடிக்காத அந்தக் காலமும் அதில் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துச் சொன்னாராம்.

டயாலிசிஸ் தொடங்கியது. வேலை நின்றது. குமரேசன் தன் கிட்னியைத் தருவதாகப் போய் நின்றார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அங்கேதான் தெரிந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். காலேஜில் சேர்ந்திருந்த காவ்யா தான் தருவதாகச் சொன்னாள். கற்பகம் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. "அவ ஒடம்புல கத்தி படக்கூடாது. என் ஒடம்புல பட்டதே ரெண்டு பேருக்குப் போதும்," என்றாள்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார் குமரேசன். காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். கோடை வந்தது. எங்கள் ஊரில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடுகளிலிருந்து தூசி பறக்கிற வெயில். அவள் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் போனபோது தெருவில் குழாயடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடங்கள் நிரம்புகிற சத்தம் உள்ளே கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே, "தண்ணியக் குடுத்துட்டு திருப்பிப் புடுங்கிக்கினாங்க சாந்தி," என்றாள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவள் புகார் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கடைசியாகப் பார்த்தது அவள் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. ரயில் கதைகளைக் கேட்டாள். விமலாக்கா மகளுக்கு வரன் பார்ப்பது, டிக்கெட் பரிசோதகரோடு யாரோ சண்டை போட்டது, எல்லாம் சொன்னேன். படுக்கையில் சுத்தமான வெள்ளை விரிப்பு. அதைத் தடவிக் காட்டினாள்.

"பாத்தியா, நனையவே இல்ல," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நனையறதுக்கு இன்னா வருது இப்ப. ஒண்ணுமே வரல," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. வெளியே வந்து செருப்பை மாட்ட முடியாமல் அவர்கள் வாசலில் அப்படியே நின்றேன். குமரேசன் குனிந்து என் செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

அடுத்த காய்ச்சலில் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்தாள்.

அன்று ரயிலிலிருந்து திரும்பி நாங்கள் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் இன்னா ஆச்சி என்று கேட்டார்கள். அவளுடைய சித்தி ஒருவர் குரலைத் தணித்து, "கிட்னிம்மா, கிட்னி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குமரேசன் அதைக் கேட்டுக்கொண்டே கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிய பிறகு, குளித்த ஈரத்தோடு என்னிடம் வந்தார். நான் அவ்வப்போது பத்திரிகைகளில் எழுதுவது அவருக்குத் தெரியும்.

"அவளப் பத்தி எழுதுவீங்கல்ல?"

"எழுதறேண்ணே."

"கிட்னின்னு மட்டும் எழுதாதீங்க. மொதல்லருந்து இன்னா நடந்துச்சோ அத எழுதுங்க. அவ மறைச்சதே இல்ல. செத்த பிறகு நாம இன்னாத்துக்கு மறைக்கணும்?"

காவ்யா கதவோரம் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம். "எழுதுங்க ஆன்ட்டி," என்றாள். அதனால் எழுதினேன். பெயரைக்கூட மாற்றவில்லை, அதுவும் அவர்கள் சொன்னதுதான்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று இந்த நாட்களில் யோசித்துக்கொண்டே இருந்தேன். புகைப்படம் அதிகமில்லை. பொருளென்று எதுவும் இல்லை.

காரியம் முடிந்து அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்கான கழிப்பறை பூட்டியிருக்கும். சாவி மேலாளரின் மேசை இழுப்பறையில். வேண்டுமானால் அவர் முன்னால் போய் நின்று, கண்ணால் அந்த இழுப்பறையைக் காட்ட வேண்டும். அவர் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நாங்கள் எல்லோரும் அப்படித்தான். பாதி நாள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டு ரயிலேறுவோம். அன்று அவர் வாடிக்கையாளர்கள் இருவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

"சார், மூத்திரம் போகணும். சாவி குடுங்க," என்றேன், கன்னடத்தில், தணிக்காத குரலில்.

அவர் முகம் சிவந்து, தடுமாறி இழுப்பறையைத் திறந்து சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்து போனேன். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். சுவரில் சாய்ந்து கற்பகத்துக்காக அழுதேன். வெளியே, உடன் வேலை செய்யும் சுதா வந்து கதவைத் தட்டி, "அக்கா, மெதுவா வாங்க. சாவிய அவர்கிட்ட திருப்பிக் குடுக்க வேணாம், நாமளே வச்சிக்கலாம்," என்றாள்.